அறிமுகம் தேடும் முறை: தாம்பரம் வட்டாரத்து அறிவியல் மாணவர்க்கு

சென்னையின் தென்புறநகரில் ஆய்வு நிறுவனங்கள் அடர்ந்து கிடக்கின்றன. அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், அதற்கு அருகே 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யும், அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் நிறுவி இன்று தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும், பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையிலேயே அமைந்துள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனமும், இன்னும் தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் எனத் தாம்பரத்தில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவுக்குள் கணிதம் முதல் கடலியல் வரை பெரும்பாலான துறைகளின் ஆய்வகங்கள் அமைந்திருக்கின்றன. ஆயினும், இந்த நிறுவனங்களின் வாயிலை ஒருமுறைகூடக் கடக்காமலேயே இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் முடித்து வெளியேறும் மாணவர்கள் இதே வட்டாரத்தின் கல்லூரிகளில் ஏராளம். அவர்களைத் தடுப்பது மதிப்பெண் குறைவு மட்டுமன்று. யாரிடம், எப்போது, எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தர வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இல்லாமையே பெரும்பாலும் தடையாகிறது. அந்த ஒருவர் சொல்லக்கூடியவற்றை எழுத்தில் வைப்பதே இவ்வியலின் நோக்கம்.

அறிவியலில் போதிய இடம் பெறாத பிரிவினர் என்று இங்கே குறிக்கப்படுவோர், மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிட ஆய்வகங்களிலும் பேராசிரியர் பதவிகளிலும் மிகக் குறைந்த பங்கே பெற்றிருப்பவர்கள்: பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், இந்தியாவின் ஆய்வாளர்களில் அவர்களின் பங்கு 2018இல் 16.6 விழுக்காடாக இருந்தது என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்கு கூறுகிறது. உலக அளவில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இளநிலை, முதுநிலை அறிவியல் வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கும் தமிழ்நாட்டில் இந்த எண் தனிக் கவனம் பெற வேண்டியது. ஏனெனில் வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் இடத்தில் அவர்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்பதையே அது காட்டுகிறது.

அறிமுகமும் சிபாரிசும்

தொழில்சார் தொடர்பு என்பது, ஒரு துறையில் பணியாற்றுவோர் தமக்குள் செய்தி, கருத்து, வாய்ப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் அறிமுக வலையைக் குறிக்கும். இதைக் கேட்டவுடன் பல மாணவர்களின் மனத்தில் எழுவது சிபாரிசு என்ற சொல்லே. தகுதியற்ற ஒருவருக்காகச் செல்வாக்குள்ளவர் பேசும் வழக்கத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் அதை வெறுத்து ஒதுங்குவது நேர்மையின் அடையாளமே. ஆனால், ஆய்வுலகில் வேண்டப்படும் அறிமுகம் அதனின்றும் வேறானது. மாணவர் செய்த வேலையை நேரில் கண்ட ஒருவர், அந்த வேலையைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைத் தம் பெயரில் சொல்வதே பரிந்துரை. இதைப் பெறுவதில் இழிவு எதுவும் இல்லை. இதைப் பெறாமல் ஆய்வுலகில் நுழைவதும் அரிது.

கிண்டி பொறியியல் கல்லூரியின் வரலாற்றில் இதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த அ. லலிதா, 1940இல் அக்கல்லூரியில் மின்பொறியியல் மாணவியாகச் சேர்ந்து, பின்னர் இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் எனப் பெயர் பெற்றார். அவருடைய திறமையில் ஐயமில்லை. ஆனால், அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியின் கதவு திறந்ததற்கு, அங்கே மின்பொறியியல் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், முதல்வர் கே.சி. சாக்கோவிடம் மகளுக்காகப் பேசியது காரணமாயிற்று. இதில் இன்னும் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. பெண்களுக்கும் இடம் உண்டு என்று கல்லூரி அறிவித்த பின், லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் அங்கே சேர்ந்தனர். திரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். ஒருவருக்குக் குடும்ப வழியில் கிடைத்த அறிமுகம் பொது அறிவிப்பாக மாறியபோதுதான், அந்த அறிமுகம் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது. வாய்ப்பு பற்றிய செய்தியைப் பொதுவில் வைப்பது எவ்வளவு பெரிய நீதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தந்தை பேராசிரியராக இல்லாதவர் என்ன செய்வது? சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இங்கே உதவும். நெருங்கிய நண்பர்கள் அறிந்தவை பெரும்பாலும் நாமும் அறிந்தவையே என்பதால், புதிய வேலையும் புதிய செய்தியும் அவ்வப்போது மட்டும் சந்திக்கும் தூரத்து அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கின்றன என்று அவர் விளக்கினார். இத்தகைய அறிமுகங்களை அவர் தளர்ந்த பிணைப்புகள் என்றார். லிங்க்ட்இன் தளத்தின் ஏறத்தாழ 2 கோடிப் பயனர்களை வைத்து நடத்தப்பட்டு 2022இல் வெளிவந்த ஆய்வும், மிக நெருக்கமும் அன்றி முற்றிலும் அந்நியமும் அன்றி இடைப்பட்ட அறிமுகங்களே வேலை மாற்றத்துக்குப் பெரிதும் உதவுகின்றன என்று கண்டது. அறிவியலாளர் ஒருவரும் இல்லாத குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு இது நம்பிக்கை தரும் முடிவு. ஏனெனில் நெருங்கிய உறவைப் பிறப்புதான் தரும், தளர்ந்த பிணைப்பையோ யாரும் உழைத்து உண்டாக்கிக்கொள்ள முடியும்.

அத்தகைய உழைப்பு எங்கே கொண்டு சேர்க்கக்கூடும் என்பதற்கு இவ்வட்டாரத்தில் படித்த ஒருவரே சான்று. விழுப்புரத்தில் ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகனாகப் பிறந்த ப. வீரமுத்துவேல், டிப்ளமோ முடித்து, மேற்குத் தாம்பரத்தில் உள்ள ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்று, திருச்சியில் முதுநிலைப் பட்டமும் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டமும் பெற்று, 2023 ஆகஸ்ட் 23இல் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநராகப் பணியாற்றினார். தாம்பரத்துக் கல்லூரியிலிருந்து ஐ.ஐ.டி. ஆய்வகத்துக்குப் பாதை உண்டு என்பதை அவருடைய வாழ்க்கை மெய்ப்பிக்கிறது. ஒருவர் கடந்துவிட்டார் என்பதால் பாதை எல்லோருக்கும் அகலமாக இருக்கிறது என்று முடிவு செய்வது மட்டும் தவறாகும்.

முதல் மடல்

ஆய்வாளர் ஒருவரை அணுகுவதற்கு இன்று வழக்கில் உள்ள வழி மின்னஞ்சலே. கோடை விடுமுறையில் பிராஜெக்ட் செய்ய விரும்பும் மாணவர்கள் ஒரே மடலை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்பிவிட்டு ஒரு பதிலும் வராமல் சோர்ந்துபோவது எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிறது. பொதுவான மடலுக்குப் பதில் எழுதுவது எந்த ஆய்வாளருக்கும் கடினம். மாறாக, ஐந்து பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவருடைய நிறுவனப் பக்கத்தையும் அண்மைக் கட்டுரைகள் இரண்டின் சுருக்கத்தையும் படித்து, அவருடைய வேலை பற்றிய குறிப்பான ஒரு கேள்வியோடு எழுதப்படும் மடல் பதில் பெறும் வாய்ப்பு மிகுதி.

எடுத்துக்காட்டாக, வேதியியல் மாணவி ஒருவர் பள்ளிக்கரணை நிறுவனத்தை அணுக விரும்புகிறார் என்று கொள்ளலாம். அந்நிறுவனம் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. கடலின் மேற்பரப்பில் உள்ள வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து இழுத்த குளிர்நீரைக் கொண்டு அந்த ஆவியை மீண்டும் நீராக்குவது அதன் செயல்முறை. இதைப் படித்தறிந்த மாணவி, இம்முறையில் குழாய்களின் உட்புறத்தில் உப்புப் படிவது சவ்வு வழிச் சுத்திகரிப்போடு ஒப்பிடுகையில் எந்த அளவில் இருக்கும் என்று கேட்டு எழுதினால், படிப்பவருக்கு இரண்டு செய்திகள் உடனே தெரிந்துவிடுகின்றன: மடல் தமக்காகவே எழுதப்பட்டது, எழுதியவர் தம் வகுப்புப் பாடத்தை இந்த வேலையோடு பொருத்திப் பார்க்கக்கூடியவர்.

மடலின் எஞ்சிய பகுதிகள் எளியவை. பொருள் வரியில் கல்லூரி, ஆண்டு, வேண்டுகோள் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். முதல் இரண்டு வாக்கியங்களில் தன்னறிமுகமும், அடுத்து மேற்சொன்ன கேள்வியும், அதையடுத்து மாணவருக்குக் கைவந்த திறன்களும் (டைட்ரேஷன், பைதான் நிரல், தாவர மாதிரி சேகரிப்பு என எதுவாயினும் மெய்யாகத் தெரிந்தவை மட்டும்), இறுதியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர இயலும் என்ற குறிப்பும் போதும். ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பை இணைக்கலாம். பணிந்து கெஞ்சும் தொடர்களும், வறுமையை விரித்துரைக்கும் பத்திகளும் தேவையில்லை. மாணவர் கேட்பது வேலை கற்கும் வாய்ப்பையே. ஆங்கிலம் தயக்கம் தருமானால் சிறுசிறு வாக்கியங்களாக எழுதி, சீனியர் ஒருவரிடமோ ஆசிரியரிடமோ காட்டித் திருத்திக்கொள்ளலாம். பத்து நாட்களில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புவது முறையானது. அதற்கும் பதில் இல்லையெனில் அதைத் தன் தகுதி பற்றிய தீர்ப்பாக மாணவர் கொள்ளக் கூடாது. ஆய்வாளர்களின் அஞ்சல் பெட்டிகள் நிரம்பி வழிவது பலமுறை உண்மையான காரணம்.

கோடைக்காலத் திட்டங்களும் கருத்தரங்குகளும்

தனிமடல் எழுதத் தயங்குபவர்களுக்கு அறிவிக்கப்பட்ட திட்டங்கள் இன்னும் நேர்மையான வாயில்கள். விண்ணப்பம் பொதுவானது, தேர்வு முறையும் வெளிப்படையானது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகளும் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் மாணவர்களோடு கல்லூரி ஆசிரியர்களும் சேரலாம். அதற்கான விண்ணப்பக் காலம் வழக்கமாக நவம்பரோடு முடிந்துவிடுவதால், மார்ச் மாதத்தில் கோடையைப் பற்றி யோசிக்கத் தொடங்குபவர் அவ்வாண்டை இழந்துவிடுகிறார். கல்பாக்கத்தில் இயற்பியல், வேதியியல் முதுநிலை மாணவர்களுக்கென நடத்தப்படும் கோடைப் பயிற்சியும், சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஆய்வுதவியும், கணித அறிவியல் நிறுவனத்தின் கோடைத் திட்டமும் இவ்வட்டார மாணவர்கள் ஆண்டுதோறும் கவனித்து வர வேண்டியவை. பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வழங்கும் நிலையங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. அங்கே மாணவரின் வேலையைக் கண்டு பேசக்கூடிய ஆய்வாளர் எவரும் கிடைப்பதில்லை. ஆகவே அந்தச் செலவு ஒரு பரிந்துரைக் கடிதமாக ஒருபோதும் மாறுவதில்லை.

இரண்டு மாதக் கோடைப் பணியிலிருந்து மாணவர் கொண்டுவர வேண்டியது, தம் வேலையைக் கண்ட ஆய்வாளரோடான உறவைத்தான். பணி முடிந்து ஆறு மாதம் கழித்து, தாம் இப்போது என்ன படிக்கிறார், அங்கே கற்ற எது வகுப்பில் பயன்பட்டது என்று ஐந்து வரியில் எழுதும் மாணவரை வழிகாட்டி மறப்பதில்லை. வேண்டுகோள் எதுவுமில்லாத அந்த மடலே பின்னாளில் வேண்டுகோளுக்கு அடித்தளமாகிறது. அதே லேபில் பணியாற்றும் ஆய்வு மாணவர்களின் நட்பு இன்னும் பயனுள்ளது. எந்த கைடு மாணவர்களை நன்றாக நடத்துவார், எந்த லேபில் உதவித்தொகை காலத்தில் வருகிறது என்பன போன்று எந்த இணையப் பக்கத்திலும் இல்லாத செய்திகள் அவர்களிடமே இருக்கின்றன.

கருத்தரங்குகளுக்குச் செல்லத் தனி அழைப்பு தேவை என்ற எண்ணம் மாணவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. தரமணி, அடையாறு நிறுவனங்களின் கருத்தரங்கு அறிவிப்புகள் அவற்றின் இணையப் பக்கங்களில் வெளியாகின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்டுக் கல்லூரி அடையாள அட்டையோடு செல்லும் மாணவரை வரவேற்கும் அரங்குகள் பல. கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் மியூசிக் அகாதமியில் நடத்திவரும் பொதுச் சொற்பொழிவு நிகழ்ச்சி போன்றவை எல்லோருக்கும் திறந்தவை. முதல் சில கூட்டங்களில் பாதிக்கு மேல் புரியாமல் போவது இயல்பு. புரிந்த ஒரு பகுதியிலிருந்து ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அரங்கில் எழுந்து கேட்க முடியாவிட்டாலும் தேநீர் இடைவேளையில் பேச்சாளரிடம் சென்று கேட்பதே அறிமுகத்தின் தொடக்கம். பயணச் செலவு தடையாகும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி: தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்பதும், திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அச்சலுகை விரிக்கப்பட்டிருப்பதும் இந்தப் பயணங்களுக்கும் பொருந்தும்.

பரிந்துரைக் கடிதம், சான்றிதழ், விதி

அறுபது பேர் கொண்ட வகுப்பில் துறைத்தலைவருக்கு மாணவரின் பெயர்கூட நினைவிருக்காது. அப்படிப்பட்ட ஒருவரிடம் கடைசி வாரத்தில் கேட்டுப் பெறும் கடிதம், நன்னடத்தைச் சான்றிதழ் அளவிலேயே நின்றுவிடுகிறது. பதவியில் இளையவராயினும், பிராஜெக்ட்டை நேரில் கண்காணித்த ஆசிரியரின் கடிதமே எடை மிக்கது. கடிதம் தேவைப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு, மதிப்பெண் பட்டியல், தன்விவரம், விண்ணப்பக் கட்டுரை, இறுதி நாள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே மடலில் தருவது, எழுதுபவரின் வேலையை எளிதாக்கிக் கடிதத்தின் தரத்தையும் உயர்த்தும்.

வாய்ப்பு கைக்கு எட்டிய பின் ஆவணக் குறையால் அதை இழக்கும் அவலம் தடுக்கத்தக்கது. தமிழக அரசு வழங்கும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களின் விண்ணப்பத்துக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த மேல்தட்டினர் அல்லர் என்பதைக் குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே பெற வேண்டும், அதையும் பெரும்பாலான தேர்வுகள் நடப்பு நிதியாண்டிலோ அறிவிப்பு குறிப்பிடும் காலத்திலோ பெற்றதாகக் கேட்கின்றன. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில் வழங்குவதால் காலதாமதம் மிகுதி. முதலாண்டிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. உயர்படிப்புச் சேர்க்கைக்கான கேட், ஜாம் தேர்வுகளில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் கட்டணம் பாதியளவே.

ஆய்வுதவித் தொகை பற்றிய தெளிவு குடும்பத்தினரைச் சம்மதிக்கவைப்பதற்கும் உதவும். நெட் தேர்வின் வழி இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும், அதனோடு வீட்டு வாடகைப்படியும் உண்டு, பிஎச்.டி. என்பது பெற்றோர் செலவழித்துப் படிக்கவைக்க வேண்டிய படிப்பு என்ற எண்ணம் இதனால் மாறக்கூடும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கெனத் தனித் தேசிய ஆய்வுதவிகளும், பெண்களுக்கென அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டமும் இருக்கின்றன. திருமணத்துக்கோ மகப்பேற்றுக்கோ பின் ஆய்வை விட்டுவிட்டவர்கள் திரும்பி வருவதற்கு வைஸ்-கிரண் தனியே வழி வைத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிகள், பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் அளித்து மொத்தம் பத்து ஆண்டுகள் வரை அனுமதிக்கின்றன. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை பெறவும் இடமுண்டு. இந்த விதிகளை அறியாத காரணத்தால் ஆய்வைக் கைவிட்ட பெண்ணுக்கு நேர்வது இழப்பு மட்டுமன்று, அநீதியும்கூட.

மாற்றுத்திறனாளி மாணவர்கள், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்குகிறது என்பதை அறிந்திருப்பதோடு, லேப் மேசையின் உயரம், சாய்தளம், திரைவாசிப்பு மென்பொருள் போன்ற தேவைகளைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது பயன்தரும். முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இத்தகைய கருவிகள் பற்றிய ஆலோசனைக்கு அருகிலுள்ள இடம்.

காயமும் துணையும்

புதிய அறிமுகங்களைத் தேடிச் செல்பவர் அவமதிப்பையும் சந்திக்க நேரலாம். நுழைவுத் தேர்வில் எத்தனையாவது இடம் என்று விசாரிப்பதன் வழியாகச் சாதியைக் கண்டறிய முயல்வதும், பெண் ஆய்வாளரிடம் திருமணத் திட்டத்தை நேர்காணலில் கேட்பதும் ஆய்வு வளாகங்களில் நடப்பவையே. இவற்றுக்கு விடையளிக்கும் கடமை மாணவருக்கு இல்லை. சந்திப்புகளை வேலை நேரத்தில், நிறுவனத்துக்குள், இயன்றால் பிறர் நடமாடும் இடத்தில் வைத்துக்கொள்வது முறை. அதற்கு மாறாக வற்புறுத்துபவர் எவ்வளவு பெரியவராயினும் விலகிவிடலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கவும் இடமுண்டு. சாதிப் பாகுபாடு பற்றிய முறையீட்டை நிறுவனத்தின் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவிடம் எழுத்தில் அளித்து, நகலில் ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

தனியாக இருப்பவருக்கே இவை அனைத்தும் பெரும் சுமை. அதனால்தான், அமெரிக்காவில் மெக்சிகோ வழியினரும் பூர்வகுடியினருமான அறிவியலாளர்கள் 1973இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டில் மும்பையில் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டில் 1980 முதல் இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஆய்வு நிறுவனங்களில் பணியாற்றுவோரும் பள்ளி ஆசிரியர்களும் ஒரே மேடையில் அமரும் அரிய இடம். அதன் நிகழ்ச்சிகளில் தொண்டராகப் பணியாற்றும் மாணவர், எந்த மின்னஞ்சலும் தராத அறிமுகத்தை இயல்பாகவே பெறுகிறார். இவை எதுவும் கிட்டாவிட்டால், நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை தாம்பரத்துக் கிளை நூலகத்திலோ கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ கூடி, ஒரு கட்டுரையைப் படித்து, வரவிருக்கும் விண்ணப்ப நாட்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போதுமான தொடக்கம். கிடைத்த செய்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் தெரிவிப்பதை இந்தக் குழு தன் முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் மாணவரின் தோளிலேயே ஏற்றுவது நியாயமாகாது. கல்லூரிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிப் பள்ளிக்கரணைக்கும் தரமணிக்கும் அழைத்துச் செல்லலாம். விண்ணப்ப நாட்களின் பட்டியலைத் துறை அறிவிப்புப் பலகையில் ஜூலை மாதத்திலேயே ஒட்டலாம். இந்த வட்டாரத்தின் ஆய்வகங்களில் பணியாற்றும் விஞ்ஞானிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் மடல்களுக்கு, இடமில்லை என்ற இரண்டு வரியாயினும், அடுத்து யாரைக் கேட்கலாம் என்ற ஒரு பெயரோடு பதில் எழுதுங்கள்.